ஊற்றுக்கால் கூலி

நாகலம்பேடு பஞ்சாயத்தில் ஒரு வருஷம் பணம் மிஞ்சிவிட்டது. அந்த ஊருக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான் என்று பின்னால் சொன்னவர்கள் உண்டு. மிஞ்சிய அன்றைக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் வாயெல்லாம் பல்.

அதுவரை அந்தப் பஞ்சாயத்துக்குத் தெரிந்தது பற்றாக்குறை ஒன்றுதான். வீட்டு வரி, புளியமர ஏலம், ஏரி மீன் ஏலம் எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கினாலும் குமாஸ்தா சம்பளத்துக்கும் குடிதண்ணீர்க் கிணற்றுக்குக் கயிறு வாங்கவுமே இழுபறியாக இருக்கும். கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு டீ வாங்க, பிரசிடெண்டு ஆதிநாராயணன் சொந்த மடியை அவிழ்ப்பார். அப்படிப்பட்ட ஊருக்கு மணல் வழியாக லட்சுமி வந்து சேர்ந்தாள். மணலியிலும் எண்ணூரிலும் பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆரணி ஆற்று மணலைக் கையில் அள்ளிப் பார்த்த மேஸ்திரிகள் வேறு மணலைத் தொட மாட்டேன் என்றார்களாம். ஆற்றில் இறங்குகிற பாதை பஞ்சாயத்துப் பாதை. இறங்குகிற லாரிக்கு இவ்வளவு என்று வசூல் போட்டார்கள். விடிந்தால் லாரி, பொழுது சாய்ந்தால் லாரி. ஊர்க் கோழிகளெல்லாம் ரோட்டைக் கடக்கக் கற்றுக்கொண்டன.

மிச்சம் எவ்வளவு என்பது இப்போது முக்கியமில்லை. இன்றைக்கு அந்தத் தொகையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அன்றைக்கு அது மலை.

பொங்கலுக்கு முந்தின வாரம் பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம் போட்டார்கள். குமாஸ்தா சேகர் பொன்னேரியில் எஸ்.எஸ்.எல்.சி. படித்த பிள்ளை. எழுந்து நின்று, 'உபரி' என்றான். பாதிப் பேருக்குப் புரியவில்லை.

"அப்டின்னா இன்னாடா?" என்றார் சுப்பிரமணி. ஆற்றோரம் தலைமடையில் நிலம் வைத்திருக்கிறவர், பஞ்சாயத்து மெம்பர், ஆயில் இன்ஜின் போட்ட கிணறு உள்ள ஒரே ஆள்.

"மிச்சம். செலவெல்லாம் போவ மிச்சம் நிக்குது."

"நம்ம பஞ்சாயத்துலயா? நல்லா பாரு. கூட்டுனதுல எங்கயாவது தப்பு இருக்கும்."

தப்பு இல்லை என்று ஆனதும் ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். சுப்பிரமணிக்கு ரேடியோ பெட்டி வேண்டும், வேப்பமரத்தில் கூம்பு கட்டினால் ஊரே விவசாய நிகழ்ச்சி கேட்கும் என்றார். தர்மராஜா கோயிலுக்கு மண்டபம் கட்ட வேண்டும் என்றார் ஒருத்தர். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்துவிடலாம், ஊர்ப் பணம் ஊருக்கு, என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பிரிச்சிக் குடுத்தா சாயங்காலம் வரிக்கும் கையில நிக்குமா? அத்தினியும் முள்ளுக்காட்டுல சாராய ஊறல் போடறவன் மடிக்குத்தான் போவும்" என்றார் சுப்பிரமணி.

"அப்ப அப்டியே வெச்சிருங்க. ஒரு கெட்ட வருசம் வராமயா போவும்?"

"வெச்சிருந்தா யூனியன் ஆபீசுல கேப்பாங்க" என்றான் சேகர். "உங்க கிட்டதான் இருக்குதே, உங்களுக்கு எதுக்கு மானியம்னு கேப்பாங்க."

அரசாங்கப் பணமும் ஆற்றுத் தண்ணீரும் ஒரே மாதிரி, தேங்கினால் குற்றம் என்று யாரோ முனகினார்கள். சிரிப்பு எழுந்தது. ஆதிநாராயணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மனசில் அந்த நேரம் பூவம்மாள் நின்றுகொண்டிருந்தாள், இடுப்பளவு தண்ணீரில்.

நாகலம்பேட்டுக்கு ஆறு இருந்தாலும் தை பிறந்தால் தண்ணீர் மேலே ஓடாது. மணலுக்குள் போய்விடும். அதைத் தோண்டி எடுக்க ஊர் சேர்ந்து ஆற்றுக்குள் ஒரு கால்வாய் வெட்டும். மேலே, வளைவு தாண்டி, ஊற்று பலமாக இருக்கிற இடத்தில் ஆரம்பித்து, மட்டம் பார்த்து மணலை அறுத்துக்கொண்டே வந்து கரையிலிருக்கும் வாய்க்காலோடு சேர்ப்பார்கள். அதற்கு ஊற்றுக்கால் என்று பெயர். மணல் சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் நாணல் படல் கட்டி நிறுத்துவார்கள். அந்தத் தண்ணீரில்தான் நவரை நெல் விளைய வேண்டும். நிலம் உள்ளவன் நிலத்துக்குத் தக்கபடி ஆளும், ஆக்கிப்போட அரிசியும் அனுப்ப வேண்டும். அனுப்பாதவனுக்கு மடை திறக்காது. பொங்கல் கழிந்த குளிரில், பனி இறங்கிய தண்ணீரில், வாரக் கணக்கில் நின்று வெட்டுகிற வேலை அது. முடித்து வந்தவன் மாசி பாதி வரைக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான்.

பூவம்மாளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இருந்தது ஒரு துண்டு நிலமும் ஒரு மாடும். போன வருஷம் ஆள் வைக்க வழியில்லாமல் தானே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஆம்பிளைகள் நடுவில் நின்று வெட்டினாள். உதடெல்லாம் நீலம் பாரித்துப் போயிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து ஆதிநாராயணனுக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் அது கொஞ்சம் அதிகம். ஆனால் மறக்கவும் முடியவில்லை. மனுஷர் இளகின நெஞ்சுக்காரர்.

"நான் ஒண்ணு சொல்றேன்" என்று எழுந்தார். "இந்த வருசம் ஊற்றுக்கால் வெட்ட ஒருத்தரும் வர வேணாம். ஆளும் வேணாம், அரிசியும் வேணாம். கண்டிராக்டருக்கு வுட்டுர்லாம். கூலி பஞ்சாயத்து குடுக்கும். ஊருப் பணம் ஊரு சனத்தோட இடுப்பு வலியத் தீத்தா அதுக்கு மேல இன்னா புண்ணியம் இருக்குது?"

வராந்தா அதிர்ந்தது. மண்டபம் கேட்டவரே எழுந்து கை தட்டினார். பூவம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு இது சரியாப் படல" என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். தூணில் சாய்ந்து நின்றவர் அரசப்பன், பிரசிடெண்டின் சொந்த அண்ணன். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் தம்பி வீடு, அந்தப் பக்கம் அண்ணன் வீடு. அப்பா செத்துப் பாகம் பிரித்தபோது, நீ சின்னவன், நீயே முதலில் எடு என்று சொன்னவர் அரசப்பன். ஆதிநாராயணன் தலைமடையை எடுத்துக்கொண்டார். அண்ணனுக்கு வாய்க்கால் போய் முடிகிற கடைமடை விழுந்தது. அதைப் பற்றி அரசப்பன் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

"இன்னாண்ணா சரியாப் படல?"

"கால் வெட்டப் போறது கால் வெட்டறதுக்கு மட்டும் இல்லடா."

"வேற எதுக்கு?"

அரசப்பனுக்குப் பேச்சு வராது. தாடையைச் சொறிந்தார். "போனாதான தண்ணி எங்க நிக்குதுன்னு தெரியும். நாலு பேரு போவணும், பாக்கணும். அப்பால மொதத் தண்ணி இருக்குது இல்ல."

"அண்ணனுக்கு கருவாட்டுக் கொழம்பு போயிடுமேன்னு கவல" என்றார் சுப்பிரமணி. சிரிப்பில் கூட்டம் கலைந்தது. வெட்டு நாட்களில் ஆற்றங்கரையிலேயே அடுப்பு மூட்டிக் கத்தரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு வைப்பார்கள். அரசப்பன் அதில் கெட்டிக்காரர்தான், மூன்று தரம் சோறு வாங்குவார். ஆனால் அன்றைக்கு அவர் சொல்ல வந்தது குழம்பைப் பற்றி இல்லை.

முதல் தண்ணீர் என்பது இதுதான். கால் வெட்டி முடிந்து தண்ணீர் வாய்க்காலில் ஏறுகிற அன்றைக்கு, வழியில் ஒரு மடையும் திறக்கக் கூடாது. வெட்டினவர்கள் அத்தனை பேரும் தண்ணீரோடு சேர்ந்து கரைமேல் நடப்பார்கள். தண்ணீர் நேராகக் கடைமடைக்குப் போய், அங்கே நிறைந்த பிறகுதான் மேல் மடைகள் திறக்கும். கடைமடை வீட்டுக்காரி வெல்லப் பானகம் கரைத்து வைத்து எல்லோருக்கும் கொடுப்பாள். யார் ஏற்படுத்திய வழக்கமோ, பெரிய ஆள் ஏற்படுத்தியது. கடைசியில் இருக்கிறவனுக்கு வருஷத்தில் ஒரு நாள் ஊர் வந்து சேரும்.

அந்த வருஷம் கண்டிராக்டரின் ஆட்கள் வந்தார்கள். வேலூர்ப் பக்கத்து ஆட்கள், பேச்சே வேறு. ஊர்க்காரர்கள் பொங்கல் கரும்பைக் கடித்துக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். கண்டிராக்டர் ஒன்றும் மோசமானவன் இல்லை, பேசின நீளம் வெட்டினான். தண்ணீரும் வந்தது. வந்த தண்ணீரோடு நடக்கத்தான் யாரும் இல்லை. தலைமடையில் சுப்பிரமணியின் ஆள் மடையைத் திறந்தான். அவன் திறந்ததைப் பார்த்து அடுத்தவன் திறந்தான். ஆதிநாராயணன் வீட்டுப் பண்ணையாளும் திறந்தான்.

கடைமடையில் அரசப்பன் மனைவி மணியம்மாள் காலையிலேயே பானகம் கரைத்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, பானையை ஈரத்துணி சுற்றி வரப்பில் வைத்துக் காத்திருந்தாள். பொழுது இறங்கியதும் பானையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து ஆதிநாராயணன் மனைவி லட்சுமியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, யாரும் வரலியா?"

"வரல."

"பானகத்த இன்னா பண்ணப் போற?"

"மாட்டுக்கு ஊத்தறேன். வெல்லம் போட்டது, வீணாவக் கூடாது."

லட்சுமியம்மாள் அன்றைக்குப் புருஷனுக்கு இலை போடும்போது முகம் கொடுக்கவில்லை. "மாமா ஊட்டு நெலத்துக்குத் தண்ணி போவல, தெரியுமா?"

"நாளைக்குப் போவும்."

"நம்ம ஆளுதான மொதல்ல தெறந்தான்."

"சுப்பிரமணி ஆளுதான் மொதல்ல. நம்மளுது அப்பால."

"அதுல ஒரு பெருமையா?" என்று சொல்லி ரசத்தை ஊற்றினாள். இரண்டு நாள் கழித்து அண்ணன் நிலத்துக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. நெல்லும் விளைந்தது, சுமாராக. அரசப்பன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆதிநாராயணனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் லாரிகள் இன்னும் பெருகின. உபரி என்ற வார்த்தை ஊரில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. ரேடியோ வந்தது, வேப்பமரத்தில் கூம்பு ஏறியது. கால் வெட்டு மறுபடியும் கண்டிராக்டருக்கே. பிரசிடெண்டைப் போல உண்டா என்று பூவம்மாள் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஆதிநாராயணனும் அதை நம்பினார். நல்லது செய்தவனுக்குத் தான் செய்தது நல்லதுதானா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றாது. ஆற்று வளைவுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவர் ஊரில் ஒருத்தரும் இல்லை. எதற்குப் போக வேண்டும்? வெட்டத்தான் ஆள் இருக்கிறதே.

அரசப்பன் மட்டும் மார்கழி மாதம் நாணல் அறுத்து வந்து வீட்டு வாசலில் உட்கார்ந்து படல் பின்னுவார்.

"கண்டிராக்டரு மூங்கில் தட்டி எட்த்துக்கினு வரான். இது எதுக்குண்ணா?" என்று ஒரு நாள் ஆதிநாராயணன் கேட்டார்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுடா" என்றார் அரசப்பன். பின்னி முடித்ததை மாட்டுக் கொட்டகைப் பரணில் அடுக்கி வைத்தார்.

மூன்றாம் வருஷம் ஐப்பசி மழை காலை வாரிவிட்டது. கார்த்திகையில் லாரிகள் குறைந்தன, மார்கழியில் நின்றே போயின. இங்கே மணலுக்குக் கீழே களி தட்டிவிட்டது என்று டிரைவர்கள் சொன்னார்கள். மேற்கே வேறு ஊரில் இறங்கிக்கொண்டார்கள். பஞ்சாயத்தில் கையிருப்பு என்று இருந்ததைத் துடைத்தெடுத்துக் கண்டிராக்டருக்குக் கடைசி முறையாகக் கொடுத்தார்கள். அவன் வெட்டினான். வாய்க்காலில் முழங்கால் தண்ணீர் வந்தது, பிறகு கணுக்கால் தண்ணீர், மாசி பிறந்தபோது ஈரம்.

அந்த வருஷம்தான் அரசப்பன் ஐ.ஆர். எட்டு போட்டிருந்தார். குட்டை நெல், கொத்துக் கொத்தாகத் தூர் கட்டியிருந்தது. கதிர் இன்னும் வெளியே வரவில்லை, தொண்டையில் இருந்தது. நெல்லுக்கு அந்த நேரத்தில் ஒரு தண்ணீர் இல்லையென்றால் கதிர் தொண்டையிலேயே பதராகிப் போகும். விவசாயி வீட்டில் அது பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டிருப்பது மாதிரி.

ஆதிநாராயணன் மத்தியான வெயிலில் கடைமடைக்குப் போனார். அவருடைய நிலத்தில் சேறாவது இருந்தது. அண்ணன் நிலத்தில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. இலைகளெல்லாம் சுருண்டு ஊசியாக நின்றன. அரசப்பன் வரப்பில் உட்கார்ந்து வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

"குந்துடா. கூழு குடிக்கிறியா?"

"வேணாம்ணா." நின்றபடியே ஒரு தூரை ஒதுக்கித் தண்டைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே கதிர் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. "இன்னும் உசிரு இருக்குதுண்ணா."

"இருக்குது. ஒரு தண்ணி பாஞ்சா பொயச்சிக்கும்."

"நான் நேத்து யூனியன் ஆபீசுக்குப் போனேன். மானியம் கேட்டேன்."

"இன்னா சொன்னான்?"

"ரெண்டு வருசமா உபரிப் பஞ்சாயத்து, உனுக்கு எதுக்குன்றான்."

அரசப்பன் கூழைக் கலக்கிக் குடித்து முடித்தார். கொட்டாங்கச்சியைத் தட்டிக் கவிழ்த்தார்.

"அண்ணா, நீ ஒண்ணு திட்டேன். ரெண்டு வார்த்த திட்டிரு."

"திட்டுனா தண்ணி வருமா? ஊரக் கூப்புடு. பழையபடி எல்லாம் சேந்து எறங்கி மேல இருந்து வெட்டிக்கினு வந்தா நாலு நாள்ல ஒரு தண்ணி எட்த்துர்லாம். எல்லாருக்கும் நெல்லு நிக்குது இல்ல, வராமயா பூடுவாங்க?"

அன்று சாயங்காலமே தண்டோரா போட்டார்கள். ஊற்றுக்கால் வெட்டு, வீட்டுக்கு ஓர் ஆள், காலையில் ஆற்றங்கரைக்கு மண்வெட்டி கூடையோடு வர வேண்டியது. ஆதிநாராயணன் லட்சுமியம்மாளிடம் பெரிய அண்டாவை எடுத்து விளக்கச் சொன்னார். பழவேற்காட்டிலிருந்து கூடை சுமந்து வருகிற கன்னியம்மாவிடம் கருவாடு வாங்கினார். கத்தரிக்காய் சொந்தக் கொல்லையில் பறித்தார். நெடுநாளுக்குப் பிறகு அவர் நெஞ்சில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

காலையில் கரையில் ஆட்கள் நின்றார்கள். கூட்டம் குறைச்சலில்லை. பனி விலகி வெயில் ஏறியது. ஆனால் ஒருத்தரும் மணலில் இறங்கவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னாப்பா, எறங்கலாம்" என்றார் ஆதிநாராயணன்.

யாரோ இருமினார்கள். கடைசியில் பூவம்மாள்தான் முன்னால் வந்தாள். அதே பழைய மண்வெட்டி, அதே மாதிரி வரிந்து கட்டிய சேலை. அவள் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"கூலி எவ்ளோ பிரசிரெண்டு தம்பி?"

ஆதிநாராயணனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "இன்னா கூலி?"

"வெட்டற கூலி. கண்டிராக்டரு ஆளுக்குக் குடுத்திங்கள்ல, அதே ரேட்டுதானா, நாங்க உள்ளூருன்னு கொறப்பிங்களா? அதான் எல்லாம் நிக்கறாங்க."

"இது நம்ம கால் பூவம்மா. நம்ம நெல்லு."

"நெல்லு நம்மள்துதான். காலு பஞ்சாயத்துது இல்ல?"

பின்னாலிருந்து இன்னொருத்தர் சொன்னார். "மூணு வருசமா வெளியூர்க்காரனுக்கு அள்ளிக் குடுத்திங்க. நாங்க எறங்கறப்ப மட்டும் சும்மாவா? அது இன்னா ஞாயம்?"

"பஞ்சாயத்துல இப்ப டப்பு இல்லப்பா. லாரி நின்னு போச்சி. எல்லாருக்கும் தெரியும்."

"அதெல்லாம் நீங்க பாத்து வெச்சிருக்கணும்" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சுப்பிரமணி கரையிலிருந்தே, "நம்மள வுட்டுருங்க, எனக்கு இன்ஜின் இருக்குது, பேஜாரு வேணாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் போனதும் கரை மெல்ல மெல்லக் காலியானது. பூவம்மாள் மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். "சும்மா வெட்னா அவங்க என்ன ஏசுவாங்க தம்பி, ரேட்டக் கெடுத்துட்டன்னு" என்று சொல்லிவிட்டு அவளும் போனாள்.

ஆதிநாராயணனுக்கு அழுகை வந்தது. பூவம்மாளுக்காக ஆரம்பித்த காரியம் இது. அவளைக் குளிரிலிருந்து தூக்கிக் கரையில் வைத்தார். கரையில் நின்றவள் திரும்ப இறங்கக் கூலி கேட்கிறாள். கேட்டதில் தப்பும் இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

அப்போது கரைமேல் அரசப்பன் வந்தார். தலையில் ஒரு கட்டு நாணல் படல். பின்னால் மணியம்மாளும் இன்னொரு கட்டு சுமந்து வந்தாள். காலியான கரையைப் பார்த்தார்கள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, லட்சுமியம்மாள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அரசப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வா. மேல போயி பாக்கலாம்."

நான்கு பேரும் ஆற்று வளைவைத் தாண்டினார்கள். தாண்டியதும் நின்றார்கள். அந்த இடத்தில் ஆறே இல்லை. மணல் போய் வெள்ளைக் களி தெரிந்தது. களியில் பெரிய பெரிய பள்ளங்கள், ஒவ்வொன்றும் ஒரு வீட்டை இறக்கி வைக்கலாம். பள்ளங்களின் அடியில் தண்ணீர் நின்றது, தெளிவாக, அசையாமல். ஊரின் ஊற்று முழுக்க வடிந்து அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கால் ஆரம்பிக்க வேண்டிய மேடு அந்தரத்தில் நின்றது. கண்டிராக்டர் வெட்டிய கால் காய்ந்த மணலில் கோடாகக் கிடந்தது.

"வருசா வருசம் வந்திருந்தா மொதப் பள்ளத்திலயே பாத்திருப்போம்" என்றார் ஆதிநாராயணன். "பாத்திருந்தா ஒரு லாரி எறங்கியிருக்குமா?"

அரசப்பன் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நடுவில் கொஞ்சம் தாழ்வாகத் தெரிந்த இடத்தில் மண்வெட்டியைப் போட்டார். ஆதிநாராயணனும் போட்டார். பெண்கள் கூடையில் வாரிக் கொட்டினார்கள். படலை நிறுத்தினார்கள். வெட்டிய பக்கமெல்லாம் மணல் சரிந்து விழுந்தது. படலோடு சேர்ந்து விழுந்தது. வெயில் உச்சிக்கு வந்து இறங்கவும் ஆரம்பித்தது. சாப்பிட்டார்களா என்றால் சாப்பிட்டார்கள். ஊருக்கு ஆக்கிய குழம்பை நான்கு பேர் எவ்வளவு சாப்பிட முடியும்? அரசப்பன் ஒரு தரம்தான் சோறு வாங்கினார்.

பொழுது சாயும் முன்பே அவர் மண்வெட்டியைக் கழுவினார்.

"போதும்டா. தண்ணி கீழ கெடக்குது, ஊரு மேல கெடக்குது. நாலு பேரால ஆவாது."

"நாளைக்கு மறுபடியும் வூடு வூடா போயி ஆளு கேக்கறேன்ணா. நெலத்த அடமானம் வெச்சாவது கூலி குடுக்கறேன்."

"வேணாம். கதுரு அது வரிக்கும் தாங்காது. நான் தொட்டுப் பாத்தேன் காலைல."

மறுநாள் அரசப்பன் தன் நிலத்தின் வேலி முள்ளை எடுத்துப் போட்டார். காய்ந்து சருகாவதற்குள் மாடாவது தின்னட்டும் என்று முதலில் தன்னுடைய மாடுகளை இறக்கினார். பிறகு, பச்சை கிடைக்காத மாசி மாசத்தில் எல்லார் வீட்டு மாடும் காய்கிறதே என்று தோன்றியிருக்க வேண்டும். வழியில் போன பூவம்மாளைக் கூப்பிட்டார்.

"உன் மாட்டையும் ஓட்டிக்கினு வா. ஊருல சொல்லு. யாரு மாடுன்னாலும் வுடலாம்."

இதற்குத் தண்டோரா போட வேண்டியிருக்கவில்லை. ஊர் வந்தது. ரேடியோ பாட்டுக்கு நடுவில் சேதி வாய்க்கு வாய் பரவி, வாய்க்கால் கரைமேல் மாடுகளை ஓட்டிக்கொண்டு வரிசையாக எல்லோரும் வந்தார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தக் கரையில் ஊர் சேர்ந்து நடந்து கடைமடைக்கு வந்தது அன்றைக்குத்தான். காய்ந்த வாய்க்காலில் புழுதி பறந்தது. மாடுகள் குட்டை நெல்லைத் தூரோடு பிடுங்கிக் கடித்தன. தொண்டைக் கதிர் கடிபடும்போது ஈரமான ஒரு சத்தம் வந்தது. மாட்டுக்காரர்கள் வரப்பில் நின்றார்கள். யாரும் அரசப்பன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆதிநாராயணன் கடைசியாக வந்தார். மாடு ஓட்டிக்கொண்டு வரவில்லை, வெறுங்கையோடு வந்தார். அண்ணன் பக்கத்தில் போய் நிற்கத் துணியாமல் எட்டவே நின்றார்.

மணியம்மாள் வீட்டுப் பக்கமிருந்து வந்தாள். இடுப்பில் பானை, பானையைச் சுற்றி ஈரத்துணி. வரப்பில் இறக்கி வைத்தாள். கடைமடைக்கு ஊர் வந்தால் கொடுப்பது வழக்கம்; வழக்கத்தை விட அவளுக்குத் தெரியவில்லை. லோட்டாவில் மொண்டு முதலில் ஆதிநாராயணனிடம்தான் நீட்டினாள்.

"குடிங்க கொய்ந்தனாரே. வெயில்ல வந்துக்கிறீங்க."

அவளுடைய குரலில் குத்தல் எதுவும் இல்லை. ஆதிநாராயணன் லோட்டாவை வாங்கினார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழி தெரியாமல் குடித்தார். ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தாள். நன்றாக இனித்தது.